புயல் கரையைத் தொடும் முன்: ஒரு கடலோர ஊர் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: கடலோர ஊர் ஒன்றில் தன்னார்வக் குழு இருக்கிறது. புயல் அறிவிப்பு வந்தால் கையில் இரண்டு, மூன்று நாள்தான் கிடைக்கும். அதற்குள் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்?

முதல் வேலை ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்வது. புயல் கரையைக் கடக்கும் நேரத்தைச் சொல்லவில்லை, பலத்த காற்று உங்கள் ஊருக்கு வந்து சேரும் நேரத்தைச் சொல்கிறேன். "நாளை நள்ளிரவு கரையைக் கடக்கும்" என்று செய்தியில் வருவது புயலின் மையத்தைப் பற்றியது. அந்த மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்று பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று, மையம் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே கரையைத் தொட்டுவிடும். பெரிய புயல் என்றால் அரை நாள் முன்பே கூட வந்துவிடும். அதற்கப்புறம் கூரையில் ஏற முடியாது, வேன் ஓட்டுவது ஆபத்து, படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு மரம் சாய்ந்தால் சாலை போச்சு. தாழ்வான சாலையில் அதற்கு முன்னாலேயே தண்ணீர் ஏறியிருக்கலாம். ஆக, உங்கள் எல்லா வேலைகளுக்கும் கெடு அந்த நேரம்தான். கெடு அதிகாலை 3 மணி என்றால், இருட்டில் ஆட்களை அழைத்துப் போவது கஷ்டம் என்பதால், அதை முந்தைய நாள் மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு வேனில் எத்தனை பேர் ஏறலாம், போய்த் திரும்ப எவ்வளவு நேரம், மொத்தம் எத்தனை நடை? இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் மூன்று நாள் எவ்வளவு குறைவு என்று புரியும். கடைசி வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும் என்பதும் தெரியும். மற்ற எல்லாத் திட்டமும் இந்தக் கணக்குக்குப் பின்னால்தான்.

புயல் என்றதும் காற்றுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் உயிரிழப்பில் பெரும் பங்கு தண்ணீரால் நேர்கிறது. அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் புயல்களால் நேரடியாக இறந்தவர்களைப் பற்றி ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது பேர் தண்ணீரால் இறந்திருந்தது தெரிய வந்தது. அதிலும் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்ததில் இறந்தவர்கள் மட்டும் மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி. காற்று பல மணி நேரம் கடல் நீரைக் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கரையோரக் கடல் ஆழமாக இருந்தால் அந்த நீர் அடியில் திரும்பி ஓட இடம் உண்டு. ஆழமில்லை என்றால் நிலத்தில் ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. காற்றழுத்தம் குறைவதாலும் கடல் மட்டம் உயரும்; அழுத்தத்தை அளக்கும் அலகான ஹெக்டோபாஸ்கலில் 1 குறைந்தால் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். அதனால் கிடைப்பது அரை மீட்டர், அதிகம் போனால் ஒரு மீட்டர். மீதி அத்தனையும் காற்று தள்ளுவது. ஒரு கன மீட்டர் கடல் நீர் ஒரு டன்னுக்கு மேல் எடை. இடுப்பளவு நீர் வேகமாக வரும்போது நீச்சல் தெரிவதால் பயன் இல்லை.

வங்காள விரிகுடாவின் வடமுனை ஆழம் குறைந்தது, புனல் மாதிரி குறுகிக்கொண்டே போவது. 1970 நவம்பரில் போலா புயல் அங்கே கரையேறியபோது குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதி கழிமுகத்தில் புகுந்தபோது, கடலையே கண்ணால் பார்க்க முடியாத உள்நாட்டு ஊர்களையும் தண்ணீர் மூழ்கடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து சுமார் 1,38,000 பேர்.

புயலுக்குக் கொடுக்கும் வகை எண்ணை வைத்துத் தண்ணீரை அளக்கக் கூடாது என்பதை ஊர் முழுக்கச் சொல்லுங்கள். சஃபிர்-சிம்ப்சன் அளவுகோலின் 1 முதல் 5 வரையான வகைகள் காற்றின் வேகத்தை மட்டுமே காட்டுகின்றன. 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் கரையைக் கடந்தபோது அது 3ஆம் வகை. ஆனால் அது பரப்பில் மிகப் பெரிய புயல் என்பதால் மிசிசிப்பி மாநிலக் கரையில் 8 மீட்டருக்கும் மேல் கடல் ஏறியது. அதே கரையை 1969இல் தாக்கிய கமீல் 5ஆம் வகைப் புயல். "கமீலுக்கே இந்த வீடு நின்றது" என்று நம்பி 2005இல் கிளம்பாமல் இருந்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் பெரியவர்கள் பழைய புயலைச் சொல்லி வாதாடுவார்கள். அவர்கள் அனுபவத்தை மறுக்க வேண்டாம். "அந்தப் புயல் வேறு பக்கத்திலிருந்து வந்தது, அப்போது கடல் வற்றத்தில் இருந்தது, இது அப்படி இல்லை" என்று விவரத்தோடு சொல்லுங்கள். அலைநீர் ஏற்ற நேரமும் புயல் கரையேறும் நேரமும் ஒன்றாக விழுந்தால் தண்ணீர் இன்னும் உயரும். ஆகவே அந்த இரண்டு நாளின் ஏற்ற வற்ற நேரங்களை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதற்கு ஒரு வரைபடம் வேண்டும். அழகாக இருக்கத் தேவையில்லை. எந்தத் தெரு தாழ்வு, எது மேடு, மழைக்கே எந்தச் சாலை மூழ்கும், முகத்துவாரம் எங்கே, ஊருக்குப் பின்னால் வாய்க்கால் எப்படிப் போகிறது என்று குறித்தால் போதும். கடற்கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் தெருக்களையும் கவனியுங்கள். தண்ணீர் மணல்மேட்டைத் தாண்டி வருவதற்கு முன்பே ஆற்று வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் சுற்றி வந்து பின்பக்கம் ஏறிவிடும். தப்பிக்கும் சாலை அந்தப் பக்கம் இருந்தால் ஊரே தீவாகிவிடும். அந்தச் சாலை எந்த உயரத் தண்ணீரில் மூடும் என்பது கெடுவை இன்னும் முன்னே இழுக்கும்.

வானிலை மையங்கள் போடும் பாதை வரைபடத்தில் நடுக்கோட்டைப் பார்த்துவிட்டு "நமக்கு 80 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது" என்று மூச்சுவிடுவது வழக்கம். அந்தக் கோட்டை மறந்துவிடுங்கள். சுற்றியுள்ள கூம்பு, மையம் எங்கெங்கே போகக்கூடும் என்பதை மட்டும் காட்டுகிறது. புயலின் அகலத்தை அது காட்டாது. அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் வெளியிடும் கூம்பில், மூன்றில் இரண்டு தடவைதான் மையம் அதற்குள் நிற்கும். மூன்றில் ஒரு தடவை வெளியே போய்விடும். இன்னொன்று: வட அரைக்கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம் கடல் அதிகம் ஏறும், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். மையம் உங்களுக்குச் சற்றுத் தள்ளிக் கரையேறி நீங்கள் அந்தப் பக்கம் இருந்தால், மையத்துக்கு நேராக இருக்கும் ஊரைவிட உங்களுக்கு அதிகத் தண்ணீர் வரலாம்.

உறுதியாகத் தெரியட்டும், பிறகு கிளம்பலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. கரையை நெருங்க நெருங்கக் கணிப்பு துல்லியமாகும், உண்மைதான். ஆனால் அந்தத் துல்லியம் கிடைக்கும்போது ஆட்களை நகர்த்த நேரம் இருக்காது. சில புயல்கள் ஒரே நாளில் பூதாகரமாகிவிடுகின்றன. 2023 அக்டோபரில் ஓட்டிஸ் என்ற புயல் சாதாரண வெப்பமண்டலப் புயலாக இருந்து ஒரு நாளுக்குள் 5ஆம் வகையாக வளர்ந்து மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கியது. அதனால் அறிவிப்பில் சொல்வதைவிட ஒரு படி பலமான புயலுக்கே தயாராகுங்கள் என்பது என் கருத்து. எந்த அறிவிப்பு வந்தால் யார் எதைத் தொடங்க வேண்டும் என்பதைப் புயல் இல்லாத மாதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை 72 மணி நேரம் முன்பு ஒரு முன்னறிவிப்பு, 48 மணி நேரம் முன்பு அடுத்தது, 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கை என்று படிப்படியாக வெளியிடுகிறது. பல நாடுகளிலும் இப்படிப் படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் நேராக ஒரு வேலையும் ஓர் ஆளும் எழுதப்பட்டிருந்தால், அன்றைக்குக் கூட்டம் போட்டு விவாதிக்க வேண்டியதில்லை.

இந்த முன்னேற்பாடு எவ்வளவு வித்தியாசத்தைக் காட்டும் என்பதற்கு ஒடிசா சாட்சி. 1999 அக்டோபர் 29 அன்று அடித்த சூப்பர் புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது. 2019 மே மாதம் ஃபானி வந்தபோது சுமார் 12 லட்சம் பேர் நகர்த்தப்பட்டார்கள், 64 பேர் இறந்தார்கள். இடையில் நடந்தது பொறுமையான வேலை: கரையோரம் நெடுகப் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள், அங்கே போகச் சாலை போட்டார்கள், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஒத்திகை நடத்தினார்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. வீடு வீடாக ஒரு பட்டியல் எடுங்கள். தானாக நடந்து வர முடியாதவர் யார், தனியாக இருப்பவர் யார், நிறைமாதக் கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, காது கேளாதவர், பார்வை இல்லாதவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆக்சிஜன் சிலிண்டரை நம்பியிருப்பவர், ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்து மொழி தெரியாமல் இருப்பவர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரை அழைத்து வரப்போகும் இரண்டு பேரின் பெயர். ஒருவர் வெளியூர் போயிருந்தால் இன்னொருவர் வேண்டும் இல்லையா, அதற்காக இரண்டு. இந்தப் பட்டியல் செல்போனில் மட்டும் இருந்தால் போதாது, தாளிலும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திருத்துங்கள். முதல் வேன் இவர்களுக்குத்தான். நன்றாக நடக்கத் தெரிந்தவர்கள் முதலில் ஏறிக்கொண்டால், கடைசி நடைக்கு மிஞ்சுவது தூக்கிப் போக வேண்டியவர்களாகவே இருப்பார்கள். அந்த நேரத்தில் காற்றும் பலமாகிவிடும்.

பலர் வர மறுப்பார்கள். அதை அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம். ஒவ்வொரு மறுப்புக்கும் பின்னால் நியாயமான ஒரு காரணம் இருக்கும், அதைத் தீர்த்தால் ஆள் வருவார். கால்நடையை விட்டுவர மனமில்லை என்றால் கால்நடைக்கு இடம் வேண்டும். வங்கதேசத்தில் இதற்காகவே "கில்லா" என்ற உயரமான மண்மேடுகளை எழுப்பினார்கள். கியூபாவில் வெளியேற்றும்போதே கால்நடைகளையும் மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே பெரும்பாலானோர் முகாமுக்குப் போவதில்லை, உறுதியான வீடுள்ள உறவினர், அண்டை அயலார் வீடுகளில் தங்குகிறார்கள். யார் வீட்டில் யார் என்பது முன்பே பேசி வைத்தது. இது எந்த ஊரும் செலவில்லாமல் பின்பற்றக்கூடியது. வீட்டில் திருட்டுப் போகும் என்ற பயம் இருந்தால், கெடு வரைக்கும் தெருக் காவல் உண்டு என்று சொல்லுங்கள், சொன்னபடி ஆளும் நிறுத்துங்கள்.

பெண்கள் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் முகாம்தான். 1991 ஏப்ரலில் வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள்; அதில் ஆண்களைவிடப் பெண்கள் இறந்த விகிதம் மிக அதிகம். மறைவு இல்லாத, கழிப்பறை இல்லாத, ஆண்கள் நெருக்கியடித்த கூடத்துக்குக் குழந்தைகளோடு போகத் தயங்கினார்கள், வீட்டு ஆண் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். எச்சரிக்கை பெரும்பாலும் ஆண்கள் கூடும் இடத்தில்தான் சொல்லப்பட்டது. இப்போது அங்கே 1972இல் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தில் 70,000-க்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். அவர்கள் மெகாஃபோனோடு வாசலுக்கே வந்து, அடுக்களையில் இருப்பவரிடம் நேரடியாகச் சொல்கிறார்கள். உங்கள் குழுவில் பெண்கள் இல்லையென்றால், மற்ற வேலைகளுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

சொல்லும் செய்தியும் தெளிவாக இருக்க வேண்டும். "பாதுகாப்பாக இருங்கள்", "விழிப்பாக இருங்கள்" என்பதால் யாரும் எழுந்து நடக்கமாட்டார்கள். "இந்தத் தெருவில் நாளை இரவு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வரலாம். இன்று மாலை 4 மணிக்குள் மேட்டுப் பள்ளிக்குப் போய்விடுங்கள். கோயில் முனையில் வேன் நிற்கும். மருந்தும் ஆவணங்களும் கையில் இருக்கட்டும்" என்று சொன்னால் வேலை நடக்கும். உயரம், நேரம், இடம், போகும் வழி, இந்த நான்கும் இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் பழைய படங்களுக்கும் தேதியில்லாத ஒலிப்பதிவுகளுக்கும் பதில் சொல்ல ஒருவரை நியமியுங்கள். அப்புறம், புயல் திசைமாறிப் போகவும் வாய்ப்புண்டு என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். "அடிக்காமலும் போகலாம், ஆனாலும் போகிறோம்" என்று முதலிலேயே கேட்டவர், அடுத்த முறை "போன தடவை ஏமாற்றினீர்களே" என்று சண்டைக்கு வரமாட்டார்.

முகாம் என்று குறித்த கட்டடத்தைக் கண்ணால் பார்க்காமல் ஆட்களை அனுப்பாதீர்கள். 2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் தக்லோபானைத் தாக்கியபோது, வெளியேற்ற மையங்களாக வைத்திருந்த சில கட்டடங்களுக்குள்ளேயே கடல் புகுந்து, அடைக்கலம் தேடி வந்தவர்கள் இறந்தார்கள். காற்றுக்குத் தாங்கும் கட்டடம் தண்ணீருக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. தரைத்தளம் எந்த உயரத்தில் இருக்கிறது, மாடிக்குப் படி உள்ளேயே இருக்கிறதா, கூரை தகரமா கான்கிரீட்டா, கழிப்பறை தண்ணீர் வந்தாலும் பயன்படுமா, இரவில் வெளிச்சத்துக்கு என்ன வழி என்று பாருங்கள். சாவி யாரிடம் என்று கட்டாயம் கேளுங்கள். சாவி வைத்திருப்பவர் வெளியூரில் இருப்பது சாதாரணமாக நடக்கிற ஒன்று. மாற்றுச் சாவி உங்கள் குழுவிடம் இருக்கட்டும். குடிநீர் ஓர் ஆளுக்கு நாளைக்கு குறைந்தது 3 லிட்டர், சமையலுக்கும் கழுவவும் சேர்த்தால் 15 லிட்டர் என்று மூன்று நாளுக்குக் கணக்கிட்டு முன்பே நிரப்புங்கள்.

கடலில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன கெடு பொருந்தாது, அவர்களுடையது இன்னும் முன்னால். ஆழ்கடலுக்குப் போன படகு திரும்பிவரவே இரண்டு நாளுக்கு மேல் ஆகலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலோரம் மளமளவென்று வலுப்பெற்றபோது, எச்சரிக்கை வந்த நேரத்தில் பல படகுகள் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தன. கேரளத்திலும் தமிழகத்திலும் ஏராளமான மீனவர்கள் திரும்பவே இல்லை. ஆகவே எந்தப் படகு, எந்தத் திசையில், எத்தனை பேர், எப்போது திரும்புவதாகச் சொன்னார்கள் என்ற பதிவேடு கரையில் எப்போதும் இருக்க வேண்டும். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகிறது என்ற பேச்சு வந்தவுடனேயே, புயலாகுமா என்று காத்திருக்காமல், தொலைவில் இருப்பவர்களைக் கூப்பிடத் தொடங்குங்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி வாங்கும் கருவி படகில் இருந்தால் இந்தப் பிரச்சினை பாதி தீரும். கரையில் கட்டிய படகுகளை நேரத்தோடு மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள், முடியாவிட்டால் ஒதுக்கமான நீரில் ஒன்றோடொன்று உரசாமல் நங்கூரமிடுங்கள். காற்று தொடங்கிய பின் படகைப் பார்க்க யாரும் கடற்கரைக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். படகுக்குக் காப்பீடு இருந்தால் அந்த மனிதரைத் தடுப்பது எளிது. புயல் இல்லாத காலத்தில் அதையும் பார்த்து வையுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை சுருக்கமாக: பறக்கக்கூடிய எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள், ஜன்னலைப் பலகையால் அடையுங்கள் (டேப் ஒட்டுவதால் பயனில்லை), மெயின் சுவிட்சையும் கேஸையும் அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். அழுத்தம் சமமாகும் என்று ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள், அது தவறு. காற்று உள்ளே புகுந்தால் கூரையைத் தூக்கிவிடும்.

மையம் நேராகக் கடந்தால் நடுவில் காற்று சட்டென்று நின்று வானம் தெளியலாம். புயலின் கண் அது. சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். முகாமின் கதவருகே ஒருவரை நிறுத்தி, அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை யாரையும் வெளியே விடாதீர்கள்.

புயல் போன பிறகு வரும் சாவுகளுக்கும் இப்போதே தயாராக வேண்டும். 2017இல் மரியா புயல் தாக்கிய போர்ட்டோ ரிக்கோவில் முதலில் சொன்ன அதிகாரபூர்வ எண்ணிக்கை 64. பின்னர் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு, அடுத்த சில மாதங்களையும் சேர்த்து 2,975 என்று கணித்தது, அரசும் அதை ஏற்றது. மின்சாரமும் மருத்துவமும் மாதக்கணக்கில் எட்டாமல் போனதன் விளைவு அது. அதனால் நாள்பட்ட நோய் உள்ளவர்களிடம் குறைந்தது இரண்டு வார மருந்து முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை மின்சாரம் உறுதியாக உள்ள வெளியூர் மருத்துவமனைக்குப் புயலுக்கு முன்பே அனுப்புவது நல்லது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலோரத்திலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். 2020இல் லாரா புயலுக்குப் பின் லூசியானாவில் இப்படிக் குடும்பமாக இறந்தவர்கள் உண்டு. அறுந்து கிடக்கும் கம்பியையும், கம்பி விழுந்த தண்ணீரையும் மின்வாரிய ஆள் வந்து சொல்லும்வரை தொடாதீர்கள். கடல் நீர் புகுந்த கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டுச் சோதிக்கும்வரை குடிக்க வேண்டாம். 2019இல் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரைத் தாக்கிய சில நாட்களிலேயே அங்கே காலரா பரவியது. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும் குளோரின் மாத்திரைகளையும் புயலுக்கு முன்பே முகாமில் சேர்த்து வையுங்கள், பிறகு சாலை திறக்க நாளாகும்.

முகாமுக்கு வந்தவர்களின் பெயரை வாசலிலேயே எழுதுங்கள், திரும்பிப் போகும்போதும் எழுதுங்கள். வீட்டுப் பட்டியலோடு அதை ஒப்பிட்டால் யார் எங்கே என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும், மீட்புப் படையினர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். தண்ணீர் வடிந்ததும், சுவர்களைக் கழுவுவதற்கு முன், ஒவ்வொரு தெருவிலும் கறை படிந்த உயரத்தை அளந்து உங்கள் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். எந்த வேன் எத்தனை நடை போனது, எந்த வீட்டுக்கு எதிர்பார்த்ததைவிட நேரமானது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த புயலுக்கான கெடுவை அந்தத் தாளை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.